புல்லாங்குழல் வராத பக்கம்

மார்ச் 4

நான் தட்டச்சு செய்யவில்லை. எனக்குத் தட்டச்சு தெரியவே தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை; இந்த நோட்டிலாவது உண்மை இருக்கட்டும்.

இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. அந்தக் காலத்தில் தட்டோடு உறைக்குள் வைத்துக் கொடுத்த குறிப்புத் தாள்களைத் தொகுத்திருக்கிறார்கள். யார் வாசிக்கிறார், எந்தப் பக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பவருக்குச் சொல்லும் தாள்கள். மொத்தம் எண்பத்தெட்டு. அட்டையில் மறைந்த என் கணவர் பெயர். முன்னுரையில் எனக்கு அரை வரி: "துணைவியார் தட்டச்சு செய்து உதவினார்."

எண்பத்தெட்டும் நான் எழுதியவை. பேனாவால், சாப்பாட்டு மேசையில்.

மார்ச் 5

மகளிடம் காட்டினேன். "அப்பா பேர்ல வந்தா என்ன, உன் பேர்ல வந்தா என்னம்மா? ரெண்டும் ஒரே வீடுதானே."

"அப்ப உன் டாக்டர் பட்டத்தை உன் புருஷன் பேருக்கு மாத்திக் குடுத்துடு."

கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திக்கொண்டு போனாள்.

மார்ச் 7

அவர் ஒலிப்பதிவு மேற்பார்வையாளர். காது உண்டு, நாலு வரி கோவையாக வராது. குறிப்பு எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தபோது, நான் எழுதிக் கொடுத்தேன். என் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு மேலாளர், "பொம்பளை பேர் போட்டா சமையல் குறிப்புன்னு நெனச்சுக்குவாங்க சார்" என்றாராம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்?

மார்ச் 9

தொகுப்பாசிரியர் தொலைபேசியில்: "ஆதாரம் ஏதாவது இருக்காம்மா? கையெழுத்துப் பிரதி மாதிரி?" அச்சகம் அதையெல்லாம் திருப்பியா கொடுத்தது? இல்லை என்றேன். "அப்ப கஷ்டம்மா."

மார்ச் 12

புத்தகத்தைப் பேனாவும் கையுமாகப் படித்தேன். முன்னுரையில் மட்டும் ஒன்பது பிழைகள். பிறகு அறுபத்தொன்றாம் பக்கம். என் வரி: "தட்டின் இரண்டாம் பக்கத்தின் முடிவில் புல்லாங்குழல் தனியே எழும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்." கீழே தொகுப்பாசிரியரின் அடிக்குறிப்பு: "தட்டில் புல்லாங்குழல் இல்லை. பதிவின்போது ஐயாவே கைகாட்டி நிறுத்திவிட்டதாக வாசித்தவர் சொல்கிறார். குறிப்பில் திருத்த மறந்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும்!"

ஆனை நான்தான். தாள் அச்சாக மூன்று வாரம் ஆகும். அதனால் ஒத்திகையைக் கேட்டே எழுதிவிடுவேன்; பதிவு அறைக்குள் வெளியாள் யாரையும் விடமாட்டார்கள். அன்றைக்குப் பாட்டு, தட்டின் ஒரு பக்கம் கொள்ளும் நான்கு நிமிஷத்துக்குள் அடங்கவில்லை, புல்லாங்குழல் போயிற்று. கேட்டவர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள், எங்கள் தட்டு மட்டும் பழுதா என்று. அவர் மேலாளர் முன்னால் போய், "என் தப்புதான் சார்" என்று நின்றார்.

நிற்கட்டும் என்று விட்டேன். கான்வென்டில், மை கொட்டியவள் தானாக எழுந்து நிற்க வேண்டும் என்பது சிஸ்டரின் சட்டம். நான் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 13

தூக்கமில்லை. "கடைசி நேரத்துல எடுத்துட்டாங்க" என்றுதான் என்னிடம் சொன்னார். எடுத்தவரே இவர் என்று இப்போதுதான் தெரிகிறது. சரி. பதிவுக்கு அப்புறம்தானே தாள்கள் வந்தன? இவர் மேசையில்தானே ஒரு வாரம் கட்டுக்கட்டாகக் கிடந்தன? ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தால் முடிந்தது. மறந்துவிட்டாராம்! எந்தத் தட்டில் யாருக்கு மூச்சு வாங்கியது என்று முப்பது வருஷம் கழித்தும் சொல்வாரே, அந்த மனுஷனா மறப்பார்?

படிக்கவில்லை. அவ்வளவுதான். தன் பெயர் போட்ட தாளை அவர் படிக்கவே இல்லை.

ஒவ்வொரு முறையும் "ரொம்ப நல்லா இருக்கு" என்பார். அந்த மூன்று வார்த்தையை நம்பித்தானே அடுத்ததை எழுதினேன். எண்பத்தெட்டு தடவை.

மார்ச் 14

அவர் படத்தை இன்று துடைக்கவில்லை.

மார்ச் 16

மகள் வந்தாள். கம்பெனிக்கு என்ன எழுதப்போகிறேன் என்று சொன்னேன். "தப்பைச் சொல்லியா பேர் வாங்கப்போற? உனக்குத்தானேம்மா அவமானம்?"

"ஆமா, என் அவமானம். அதையும் அவருக்கே குடுத்துடணுமா?"

அவள் புத்தகத்தை எடுத்து நின்றபடியே அந்தத் தாளை முழுக்கப் படித்தாள். இந்த வீட்டில் அதை என்னைத் தவிர ஒருவர் படிப்பதை முதல்முறையாகப் பார்த்தேன். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள்... எனக்கு ஊசி போடறப்பல்லாம் இப்படித்தான் சொல்லுவே. இது உன் குரல்தாம்மா" என்றாள்.

மார்ச் 17

இன்று தபாலில் சேர்த்ததன் நகல்:

ஐயா, அறுபத்தொன்றாம் பக்கத்துப் பிழை என்னுடையது. புல்லாங்குழலை நிறுத்தியவர் என் கணவர் என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பை எழுதியவரும் அவரே என்றால், தாள் கைக்கு வந்த அன்றே திருத்தியிருப்பார். ஏன் திருத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை அச்சிட வேண்டாம். அடுத்த பதிப்பில் இந்தப் பிழையை முதலில் என் பெயரில் போடுங்கள். மற்ற எண்பத்தேழும் அதன் பின்னால் வரட்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பவும்.