எட்டு வருஷத் தூசி

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். அப்பாவுக்கு வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை. அதனால் வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் அலுவலகத்தில் ஒருவர் பிரித்துப் படிப்பார். அவருக்கும் என் வணக்கம்.

ஆறு வருஷம் நான் எழுதவில்லை. காரணம் உனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினரோடு நானும் என் வீட்டாரும் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தேன். கையைப் பிடித்து யாரும் எழுத வைக்கவில்லை. நீ தொலைபேசியில் வேண்டாம்டா, வேண்டாம்டா என்று கத்தினாய். உனக்கு மெஷின் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான். போன வாரம் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். ஒளிக்க இனி எதுவும் இல்லையாம்.

ஒப்பந்தத்தை அங்கே செய்தியில் பார்த்திருப்பாய். நான் வேலை பார்த்தது யுரேனியம் செறிவூட்டும் கூடத்தில். அணுகுண்டுக்கு என்றது உலகம், மின்சாரத்துக்கு என்றோம் நாங்கள். எனக்கு இரண்டைப் பற்றியும் கவலை இருந்ததில்லை. மெஷின் அதிராமல் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இப்போது பெரியவர்கள் மேஜையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். மெஷின்களை நாங்கள் நிறுத்த வேண்டும், பதிலுக்கு வெளிநாட்டார் எங்கள் மேல் போட்ட பொருளாதாரத் தடையை நீக்க வேண்டும். ஒவ்வொன்றாக வேகம் குறைத்து நிறுத்தப் பதினொரு நாள் ஆயிற்று. கடைசி மெஷின் நின்றதும் பக்கத்தில் இருந்த ஃபிட்டர் காதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்த ரீங்காரத்திலேயே இருந்ததால் செவிடாகிவிட்டோம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அவர்கள் தரப்போகிறவற்றின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். விமான உதிரி பாகங்கள், வெளிநாட்டு விமானப் போக்குவரத்து என்று பதினாலு வரி. பதினோராவது வரி மருந்துகள். அம்மாவுக்குக் கிடைக்காமல் போன ஊசி மருந்தின் பெயரும் அதில் இருந்தது. எங்கள் மெஷின்களை நிறுத்தச் சொல்லித்தான் அது வராமல் இருந்தது. மெஷினை ஓட்டியவன் நான். மிச்சக் கணக்கை நீயே போட்டுக்கொள்.

அம்மா போன செய்தி மூன்று மாதம் கழித்து யாரோ சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது என்று கேள்விப்பட்டேன். தொலைபேசி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இதற்கு மேல் இதை எழுத எனக்கு வரவில்லை.

கூடத்துக்கு முத்திரை வைக்க ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் அம்மாள் வந்தார். வயதானவர், முழங்கால் வலி. வந்ததும் முதலில் நாற்காலிதான் கேட்டார். கதவில் மெல்லிய கம்பியைக் கோர்த்து, ஒரு சின்ன உலோக வில்லையை மாட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டார். என் வாய் சும்மா இருக்குமா? ஒரு கட்டிங் பிளேயர் இருந்தால் இதை இரண்டு நொடியில் வெட்டிவிடுவேன், இது எதைத் தடுக்கும் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளருக்கு முகமே வெளுத்துவிட்டது. அந்த அம்மாள் சிரித்தார். தடுக்க இல்லை தம்பி, யாராவது திறந்தால் காட்டிக்கொடுக்கத்தான் என்றார்.

எனக்கு உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. உன் இரும்பு அலமாரியின் பூட்டை நான் கழற்றி நாசம் பண்ணி, உன்னிடம் ஸ்க்ரூ என்று பட்டப்பெயர் வாங்கியதற்கு அப்புறம், இரண்டு கதவுக்கும் குறுக்கே கீழ்ப்பக்கம் உன் தலைமுடி ஒன்றைப் பசையால் ஒட்டி வைப்பாயே! ஒரு நாள் காம்பஸ் எடுக்கத் திறந்து அதை அறுத்துவிட்ட நான், மகா புத்திசாலியாக வேறொரு முடியை ஒட்டி வைத்தேன். என் முடி. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. நீ வந்து குனிந்து பார்த்துவிட்டு நேராக என் காதைத்தான் பிடித்தாய். தன் முடியைச் சாட்சிக்கு விட்டுப்போகிற திருடனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அம்மா சிரித்துச் சிரித்து, கையில் இருந்த தேநீரைத் தன் மேலேயே சிந்திக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உன் அறைக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். முடி இருக்கிறது அக்கா. எட்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது நீ ஒட்டியது, அறுபடாமல் அப்படியே இருக்கிறது. ஒரு சாண் நீளம், சந்தேகமே இல்லை, உன்னுடையதுதான்.

இன்னொன்றும் பார்த்தேன். அம்மா அந்த அறையைத் தினமும் துடைப்பாள். அவள் போன பிறகு அப்பாவும் நானும் துடைக்கவில்லை. அதனால் அலமாரி முழுக்க இரண்டு வருஷத் தூசிதான் இருக்கிறது. முடியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கெட்டியாக, கறுப்பாக, எட்டு வருஷத் தூசி. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருஷம், ஒவ்வொரு நாளும், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்திருக்கிறாள்.

அப்பாவிடம் சொன்னேன். இடது காதில்தான் சொன்னேன், கேட்டிருக்கும். நீ வருவாயா என்று அவர் கேட்கவில்லை. விமானம் எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டார். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் சனியும்.

எனக்கு நயமாகப் பேச வராது. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நேரமும் ஆய்வாளர்கள் வரலாம், எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம், எதையும் கேட்கலாம், நாங்கள் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். உனக்கும் அப்படியே. காதைப் பிடித்துத் திருகினாலும் சரி.

அலமாரியை நான் தொடவில்லை. அப்பாவையும் தொடவிடவில்லை. அந்த முடியை நீதான் வந்து அறுக்க வேண்டும்.

உன் கைக்கு எட்டும் தூரத்தில் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
உன் தம்பி,
ஸ்க்ரூ