டிக்கெட் இல்லாமல் முளைத்தவை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மூன்று மாதமாகப் போனில் நன்றாக இருக்கிறோம் என்று நான் சொன்னதெல்லாம் பாதிப் பொய், இன்றைக்கு எழுதுவது முழு உண்மை. இதையும் போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், இது அவர் காதில் விழவே கூடாத சங்கதி, அதனால்தான் காகிதம்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனது வரை உனக்குத் தெரியும். எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தால்தான் கால் பிழைக்கும், இல்லையென்றால் நாற்காலியே கதி என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் கெஞ்சினாள், மிரட்டினாள். மனிதர் அசைந்தால்தானே. பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். இதை உன்னிடம் சொல்லவில்லை.

அவரைப் பார்த்துக்கொண்டதில் தோட்டத்தை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கேரட் பாத்தியில் கோரைக் களை மண்டிவிட்டது. முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் இல்லையா, ஜன்னல் வழியாக முறைத்து முறைத்துப் பார்த்து, "டிக்கெட் இல்லாம ஏறிட்டு எவ்வளவு தெனாவெட்டா நிக்குது பாரு" என்று பல்லைக் கடித்தார். திட்டவாவது செய்கிறாரே என்று சந்தோஷப்பட்டு நானே போய்ப் பிடுங்கினேன். ஒரு பிடி பிடுங்கியதும் பின்னாலிருந்து ஒரு அலறல், "ஐயோ, அது கேரட்டு! டிக்கெட் வச்சிருக்கிறவனை ஏன் இறக்கிவிடறே!" என்று. திரும்பினால், அடியே, உன் அப்பா பின்வாசற்படியில் கோலை ஊன்றி நிற்கிறார்! நாற்காலி எட்டு அடி பின்னால் காலியாகக் கிடக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கையிலிருந்த விரல் நீளக் கேரட்டை மண்ணோடு கடித்துத் தின்றுவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தோட்டம்தான். குனியாமல் நின்றபடியே கொத்த நீளப் பிடி போட்ட களைக்கொத்தி வாங்கினேன், பயிற்சிப் பெண்ணும் சரி என்றாள். பத்தே நாளில் ஒரு களை பாக்கியில்லை. அடுத்த நாள் மனிதர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், வேலை முடிந்துவிட்டதாம்! என்ன செய்தேன் தெரியுமா, அவர் மதியம் கண்ணயர்ந்ததும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் களை முளைக்கும் மூலைக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். அது முளைக்கும்வரை பொறுமை ஏது, அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய் அவள் சுவரோரம் மண்டிக்கிடந்த கோரையைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எடுத்துக்கோங்க, வேரோட எடுத்துக்கோங்க" என்று கூடையையும் சேர்த்தே கொடுத்தாள். பாத்தியில் அழகாக வரிசை பிடித்து நட்டேன், எருவும் போட்டேன். களைக்கு எரு போட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறுநாள் காலையில் "மறுபடி ஏறிடுச்சு பாரு!" என்று அவர் கத்தியது எனக்குப் பாட்டுக் கேட்ட மாதிரி இருந்தது. இப்போது வேலி வரை போய் வருகிறார். நேற்று கோலை மறந்துவிட்டு நாலு எட்டு நடந்தார், நடந்தது அவருக்கே தெரியாது. தெருவில் மட்டும் இன்னும் இறங்கவில்லை, அந்தப் பயம் போகவில்லை. இந்தக் கடிதத்தையும் தையல்காரம்மாதான் தபாலில் போடப் போகிறாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, குளியலறையில் வழுக்காத மிதியடி வாங்கிப் போடு. நோய் நொடி அண்டாமல் மனசு குளிர்ந்து இரு. களை விஷயத்தை அப்பாவிடம் மூச்சு விடாதே, லீவுக்கு வரும்போது தோட்டத்தைப் பார்த்துச் சிரித்துத் தொலைக்காதே.

மண் ஒட்டிய கையோடு,
உன் அம்மா

மகளே, இது அப்பா. அம்மா பசை தேடி உள்ளே போயிருக்கிறாள், கடிதம் மேசைமேல் கிடந்தது. எந்த ஊரில் களை வரிசை பிடித்து முளைக்கும்? முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆசையாக நட்டிருக்கிறாளே என்று கத்திவைத்தேன். இப்போதெல்லாம் மேலோடு வெட்டி வேரை விட்டுவிடுகிறேன், பாவம், அவள் இன்னும் எத்தனை கூடை சுமப்பாள். அவளிடம் சொல்லிவிடாதே. தையல்காரம்மாவுக்கு எதற்குச் சிரமம், தபால் பெட்டி தெருமுனையில்தானே இருக்கிறது, நானே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.