எந்த மினா?

அன்பு மகன் அனிசேட்டோவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். செம்மறிகளும் நலம், இந்த வீட்டில் கொழுப்பவை அவைதான்.

எனக்குப் புதுக் கால் வந்துவிட்டது. சுரங்க வரியில் ஒரு பங்கை எங்களைப் போன்ற பழைய சிப்பாய்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பேண்டு வாத்தியத்தோடு விழா. மேயர் ஒலிபெருக்கியில், "மெல்கோருக்கு இந்தக் காலைக் கொடுத்தது மினா!" என்றார். பின்வரிசையிலிருந்து நம் பக்கத்து வீட்டு ரெமிஹியோ, "எடுத்ததும் மினாதான்யா!" என்று கத்தினான். ஊரே சிரித்தது. நானும் சிரித்து, கால் வழுக்கி, மேயர் மேலேயே விழுந்தேன்.

நம் பேச்சில் சுரங்கமும் மினா, கண்ணிவெடியும் மினா. சிரிக்காதவள் உன் அம்மா மட்டும். காரணத்தை உனக்கு நாங்கள் சொன்னதில்லை.

எல்லைப் போரில் எனக்குக் கால் போனபோது நீ அவள் வயிற்றில் இருந்தாய். "மெல்கோருக்கு மினாவில் அடி" என்று மட்டும் வானொலியில் செய்தி வந்தது. நான் படையிலிருந்து நழுவிச் சுரங்க வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தாளாம். என்னை அவ்வளவு கெட்டிக்காரனாக நினைத்த ஒரே ஆள் அவள்தான். நான் காட்டில் கிடக்க, அவள் போர்வையும் அவித்த சோளமுமாக, நீ இப்போது வேலை பார்க்கும் அதே சுரங்கத்தின் வாசலில் போய் நின்றாள். அங்கே அன்று உள்ளே மண் சரிந்திருந்தது. மூடிக் கொண்டுவந்த ஒவ்வொரு முகத்தையும் திறந்து பார்த்தாளாம்.

புதுக் காலை மாட்டியதிலிருந்து, இல்லாத என் பாதம் விழித்துக்கொண்டது. இருட்டில், சில்லென்ற தண்ணீரில் நிற்பதுபோல எந்நேரமும் ஈரம். வைத்தியரிடம் சொன்னேன். "அந்தக் காலுக்குச் சளி மருந்து தரட்டுமாய்யா?" என்று சிரித்தார். அந்தப் பாதம் உன் சுரங்கத்துக்குள்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

நீ வெடி வைக்கும் குழுவில் சேரப்போவதாக எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எந்த மினா?" என்று கேட்டாள். "சுரங்கந்தாண்டி" என்றேன். போய் அந்தப் பழைய போர்வையை எடுத்து வெயிலில் போட்டாள். இன்னும் மடிக்கவில்லை.

"புள்ள தோண்டுறான், அப்பன் நடக்குறான்" என்று ரெமிஹியோ கேலி செய்கிறான். இந்தக் காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழையபடி கட்டையை ஊன்றிக்கொள்கிறேன். நீ மட்டும் அந்தக் குழுவில் சேராதே, அய்யா. கிளம்பி வா.

அன்று அவள் நின்றது தப்பான வாசல். அதனால் என் முகம் அங்கே இல்லை. அவளை இன்னொரு முறை அங்கே நிற்க வைத்துவிடாதே.

மலைத்தாய் உன்னை இரண்டு காலோடு அனுப்பிவைக்கட்டும்.

உன் அப்பா,
மெல்கோர்