பேங்க் பேப்பரோடு வரும் கடிதம்

குன்னூர்,
ஆகஸ்ட் 2001

அன்புள்ள கீர்த்திவாசனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் பிரியாவும் குழந்தை கிருத்திக்கும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை, அதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குறைதான். மழை விட்டபாடில்லை, கடையில் பருப்பு மூட்டையெல்லாம் ஈரம் பிடித்துக் கிடக்கிறது, வாங்க ஆள் இருந்தாலல்லவா காயவைக்கத் தோன்றும்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே உங்கப்பாதான். பேங்க் பேப்பர் நாலைந்து உனக்கு அனுப்புகிறார், அதே கவரில் வைக்க நானும் இரண்டு வரி எழுதித் தர வேண்டுமாம். நீ சொன்னா பையன் தட்டமாட்டான் புள்ள, எழுதிக் குடு என்று காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறார். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சரி, எழுதுகிறேன், ஆனால் அவர் நினைக்கிற மாதிரி அல்ல. நீ இதை முழுதும் படித்துவிட்டுப் பிறகு அந்தப் பேப்பரைத் தொடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பஜாரில் பேங்க்காரர்கள் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து லோன் மேளா நடத்தினார்களே, போட்டோகூட உனக்கு அனுப்பினோம். அப்போது பச்சைத் தேயிலை கிலோ பதினைந்து ரூபாய்க்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் சாயங்காலமானால் நம் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே, ஏனுங்கண்ணா, தோட்டக்காரங்க பேங்க் படியேறவே பயப்படறாங்க, நீங்க ஜாமீன் போட்டீங்கன்னா அவங்க தைரியமா வருவாங்க என்று சொல்லிச் சொல்லியே உங்கப்பாவை மேடையேற்றிச் சால்வை போர்த்திவிட்டார். அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற மனிதர்கள் யாரும் பேங்க்கை நம்பி லோன் வாங்கவில்லை, நம் மளிகைக்கடையை நம்பி வாங்கினார்கள். அவர்களாவது பரவாயில்லை, உங்கப்பா அதற்கும் மேலே. கடையில் பற்று எழுதுகிற மாதிரிதான் இதுவும் என்று நினைத்துவிட்டார். பாக்டரியில் இலைப் பணம் வந்ததும் தருவார்கள், வராவிட்டால் அடுத்த மாதம் தருவார்கள், நம் கடையில் அப்படித்தானே நடக்கிறது. பேங்க்கில் அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்ட எல்லோருக்கும் ஜாமீன் போட்டார். கூடவே கடையை இழுத்துக் கட்ட நமக்கும் ஒரு லோன் வாங்கிக்கொண்டார்.

இப்போது இலை ஐந்து ரூபாய்க்கும் கீழே. பறிகூலிக்கே கட்டாது என்று பாதித் தோட்டத்தில் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். சால்வை போர்த்திய மேனேஜர் புரமோஷனில் சென்னைக்குப் போய்விட்டார், நோட்டீஸ் மட்டும் உங்கப்பா பெயருக்கு வருகிறது. நீ குழந்தையாக இருந்தபோது உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பஜாரைச் சுற்றுவாரே பெள்ளி கவுடர், அவர் இப்போது நம் கடை வழியாக வருவதில்லை. கீழ்ப்பாதையில் இறங்கிச் சுற்றிப் போய், ஸ்கூல் பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற கடையில் ரொக்கம் கொடுத்து அரிசி வாங்குகிறார். நம் முகத்தில் விழிக்க வெட்கம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஆனால் உங்கப்பா ஜாமீன் போட்ட அத்தனை பேரும் அந்தப் பாதையில் போனால் நம் கடைக்கு யார்தான் வருவது சொல்.

போன வாரம் பேங்க்கிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்தான், மார்க்கெட்டிங் ஆபீசராம். ஒரு ஸ்வீட் டப்பா, ஒரு காலண்டர். ஆகஸ்ட் மாதத்தில் காலண்டர் கொடுக்கிற சாமர்த்தியசாலியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பழைய லோன் எல்லாத்தையும் ஒண்ணா முடிச்சிட்டுப் புதுசா பெருசா ஒண்ணு போட்டுக்கலாமுங்க, கடையை சூப்பர் மார்க்கெட் ஆக்கிப்புடலாம், ஃபாரின்ல இருக்கற உங்க பையன் ஜாமீன் போட்டா போதுமுங்க, சும்மா பேருக்குத்தான் என்றான். வாங்க ஆளில்லாத ஊரில் சூப்பர் மார்க்கெட். எனக்குச் சிரிப்பு வந்தது, உங்கப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோட்டீஸ் வர ஆரம்பித்ததிலிருந்து அவரைப் பெரிய வியாபாரி என்று யாரும் சொல்லவில்லை, இவன் சொல்லிவிட்டான். ஏந்தம்பி, இலை விலை ஏறாட்டி என்ன பண்ணுவீங்க என்று நான் கேட்டேன். அதுக்குத்தானுங்கம்மா உங்க பையன் இருக்காருல்ல என்றான். கொஞ்சமும் கூசாமல் சொன்னான்.

கண்ணு, கையெழுத்துப் போடாதே. உங்கப்பா போனில் அழுவார், அப்போதும் போடாதே. கோபித்துக்கொண்டு உன்னோடு பேசாமல் இருப்பார், இருக்கட்டும். கடை போனால் போகிறது, மேட்டுப்பாளையத்தில் உன் மாமா வீட்டுப் பக்கம் ஓர் அறை பிடித்து நாங்கள் இருந்துகொள்கிறோம். நீ அந்த வெயிலில் நின்று சம்பாதிப்பது சால்வைக்குக் கூலியாகப் போக வேண்டாம்.

கவரில் பசை தடவ உட்கார்ந்திருக்கிறார், எழுதியாச்சா என்று இரண்டு தரம் கேட்டாயிற்று. நான் எழுதியதை வாங்கிப் படித்துப் பார்க்கிற மனிதரில்லை அவர். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் நெஞ்சை அறுக்கிறது.

குழந்தைக்கு ஏசி காற்று நேராகப் படாமல் படுக்க வை. பிரியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மனசு கேட்காமல் எனக்கு போன் போட்டு, நிஜமாகவே வேண்டாமா அம்மா என்று கேட்காதே. அவர் பக்கத்திலேயே நிற்பார், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் போட்டுடு கண்ணு என்றுதான் சொல்லுவேன். நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னால் முடியும்.

இப்படிக்கு,
உன் அம்மா மருதாம்பாள்