கூரைக்கு அடித்த சுண்ணாம்பு

டெலானிபூர்,
போர்ட் பிளேர்.
14-3-1966

அன்பு மகள் ஜெயமணிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மெட்ராஸ் நர்ஸ் ஆஸ்டலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், ஆனால் சண்டையில் இருக்கிறோம். உன் அண்ணி அலமுவின் குழந்தைக்குத் தினமும் மத்தியானம் உடம்பு கொதித்தது என்று போன மாதம் எழுதினேன் அல்லவா, சாயங்காலம் டாக்டரிடம் தூக்கிப் போனால் காய்ச்சலே இல்லை என்பார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, காய்ச்சல் பிள்ளைக்கு இல்லை, தலைக்கு மேலே இருக்கிற சிவப்புத் தகரத்துக்கு. சிப்பிச் சுண்ணாம்பில் கஞ்சியும் உப்பும் கலந்து கூரை முழுக்க மூன்று பூச்சு அடித்தேன். மறுநாளே பிள்ளை மத்தியானத்தில் தூங்கியது. முதல் மழைக்கே கரைந்துவிடும் என்று பக்கத்து வீட்டு ருக்கு சிரித்தாள், கரைந்தால் மறுபடி அடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

ஓவர்சியருக்குத்தான் பொறுக்கவில்லை. சப் லால் ஹை, ஆப்கா கியோன் சஃபேத் என்று வாசலில் நின்று கத்தினார். சர்க்கார் குவார்ட்டர்ஸ் எல்லாம் சிவப்பாக இருக்க, நம்முடையது மட்டும் வெள்ளையாக இருக்கக் கூடாதாம், பத்து நாளில் சுரண்டாவிட்டால் வீட்டைக் காலி செய்யணுமாம், நோட்டீஸ் வந்துவிட்டது. நான் சும்மா விடுவேனா? நீ விட்டுப்போன தெர்மாமீட்டரை நம் வீட்டு உத்தரத்தில் கட்டினேன், கம்பவுண்டர் பன்னீர்செல்வத்திடம் இன்னொன்று வாங்கி ருக்கு வீட்டில் கட்டினேன். உச்சி வெயிலில் அங்கே நூற்றெட்டைத் தொட்டுவிட்டது, அதற்கு மேல் கோடே இல்லை. இங்கே தொண்ணூற்றேழுதான். இரண்டையும் உதறாமல் அப்படியே கொண்டுபோய் நோட்டீஸ் அனுப்பிய ஆபீசர் மேஜையில் வைத்தேன். இது மனுஷருக்கு வைக்கிறது, வீட்டுக்கு இல்லை என்றார். வீட்டுக்குள்ளே இருப்பதும் மனுஷர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றோடு கெடு முடிந்தது, கம்பி பிரஷோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, தான் வேலை பார்க்கும் ஹேடோ கப்பல் ஜெட்டி ஆபீஸில் பியூன் வந்தாலே எழுந்து நிற்கிற மனுஷர். ஏணி வைத்து ஏறிக் கூரை நடுவில் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார். ஆட்கள் திரும்பிப் போனார்கள். இன்றைக்கும் லீவு போட்டுவிட்டு மேலேதான் இருக்கிறார், கஞ்சியை ஏணியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்புத் தகரமாக இருந்திருந்தால் இந்நேரம் வெந்திருப்பார், வெள்ளையாக இருப்பதால்தான் உட்கார முடிகிறது. எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு டியூட்டிக்கு ஓடாதே. முருகன் உனக்குத் துணை இருப்பான். பதிலை மட்டும் ஹேடோ ஆபீஸ் விலாசத்துக்குப் போடு, மறக்காதே. அடுத்த கப்பல் வருவதற்குள் இந்த வீடு நமக்கு இருக்குமோ இருக்காதோ. எந்த வீட்டுக்குத் துரத்தினாலும் அங்கே அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. மரகதம்