கேலிப்படத்தின் மூலையில் நிண்ட தாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ? வெயிலுக்கை கனநேரம் நிக்காதேங்கோ.

பாரிஸ் லாச்சப்பலில நான் வேலை செய்யிற படச்சட்டக் கடைக்கு நேற்று ஒரு பழைய கேலிப்படம் வந்தது. ஹங்கேரிச் சனம் ஒஸ்ரியா அரசனுக்கு எதிரா எழும்ப, 1849இல அவனுக்கு உதவியெண்டு றஷ்யப் படை வந்து அடக்கினதாம். றஷ்யாவைப் பெரிய கரடியாக் கீறியிருக்கினம். கீழ்மூலையில விரலளவு தாய் ஒருத்தி, மகன்ர தொப்பியை நீட்டி, "இவன் எங்கை?" எண்டு கரடியைக் கேக்கிறா.

படத்தைச் சுத்தி வைக்கிற ஓரமட்டையை முதலாளி சொன்ன அளவுக்கு வைச்சால் அந்தத் தாய் மறைஞ்சுபோவா. நான் அவ தெரியிற மாதிரி மட்டையை ஒடுக்கமா வெட்டிப்போட்டன். கொஞ்சம் பேச்சு விழுந்தது, வேறொண்டுமில்லை. யோசிக்காதேங்கோ.

நீங்கள் றோட்டுக்கரைப் போராட்டப் பந்தலில பிடிச்சுக்கொண்டு நிக்கிற அண்ணையின்ர படம் வெளிறிப்போச்செண்டு சொன்னனீங்கள். வீட்டில இருக்கிற மற்றப் படத்தை அனுப்புங்கோ, பெரிசாக்கி அனுப்புறன். சட்டம் போட்டுக் கொளுவினால் செத்தவையின்ர படமாப் போயிடும் எண்டு, அவன் காணாமல்போன பதினேழு வருசமா நீங்கள் சட்டம் போட விடேல்லை. நானும் போடேல்லை.

கடை திறக்க நேரமாச்சு. ஒண்டு சொல்லவேணும் அம்மா, ஏசாதேங்கோ. அண்ணையின்ர படத்தின்ர அளவுக்கு ஒரு சட்டம் செய்து அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன்.

உங்கட மகள்,
தாட்சாயினி