நான்காம் மெஷின் ஏன் நிற்கிறது

12-2-1997, புதன்

ஹெப்பாள் மில்லிலிருந்து பஸ் ஏறி அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் கொதிப்பு அடங்கவில்லை.

நூல் சுற்றும் நான்காம் மெஷின் காரணமில்லாமல் நின்றுவிடுகிறதாம். சோதனைக்காக அதில் மட்டும் சென்சார் வைத்திருக்கிறோம். நூல் அறுந்து அதன் கண்ணை மறைத்தால் மெஷினை நிறுத்துவது நான் எழுதிய புரோகிராம். ஆகவே பழி என் தலையில். மேனேஜர் நஞ்சுண்டசாமி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா அந்த சென்சாரை எடுத்துடலாம், ஸ்ரீதேவி. நீ பழையபடி பில் டைப் பண்ணு."

பில்லா? டைப் அடித்துக்கொண்டே படித்து எழுதிய புரோகிராம் அது. அதில் தப்பில்லை. எனக்குத் தெரிந்தால் போதுமா, அவருக்குக் காட்ட வேண்டுமே.

13-2, வியாழன்

மெஷின் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று கம்ப்யூட்டர் வரிவரியாக எழுதி வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். மாதக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. உட்கார்ந்து படிக்க யாருக்குப் பொறுமை? 'ஸ்டாப்' என்று இருக்கும் வரிகளை மட்டும் பொறுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். திரை நிரம்பி வழிந்தது. அட மண்டு — ஷிப்ட் முடிந்து ஆள் நிறுத்துவதும் 'ஸ்டாப்' தானே? சென்சார் நிறுத்தியதை மட்டும் எடுக்கும்படி மாற்றினேன்.

மிஞ்சியவை கொஞ்சம்தான். தேதிகளைச் சுவர்க் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். வெள்ளி. வெள்ளி. அடுத்ததும் வெள்ளி. எல்லாம் மத்தியானத்துக்கு மேல்.

என் புரோகிராமுக்குக் கிழமை தெரியாது. வெள்ளிக்கிழமை அங்கே என்னதான் நடக்கிறது?

14-2, வெள்ளி

காலையிலேயே நான்காம் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதை ஓட்டும் உதயகுமார் ஹனூர்க்காரர். "ஏனுங்க மேடம், காவலுங்களா?" என்று சிரித்தார்.

ஷிப்ட் தொடங்கியதும் வெள்ளிக்கிழமை பூஜை. நஞ்சுண்டசாமி தானே தட்டேந்தி வந்து ஒவ்வொரு மெஷினுக்கும் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைப்பார். பார்ப்பதற்கு நெற்றிபோல் இருக்கும் இடத்தில்தான் வைப்பார். நான்காம் மெஷினில் அந்த இடம் சென்சாருக்கு நேர் மேலே.

மத்தியானம் மெஷின் சூட்டில் சந்தனம் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது, சென்சார் கண்ணாடி மேலேயே. மெஷின் நின்றது. உதயகுமார் வழக்கம்போல் துடைத்துவிட்டு ஓட்டினார். "பஞ்சுத் தூசின்னே நெனச்சுட்டு இருந்தேனுங்க."

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது: சாமி விஷயம். உங்க பொட்டுதான் சார் காரணம்னு சொன்னா சும்மா விடுவாரா அந்த மனுஷன்?

15-2, சனி

சொல்லிவிட்டேன். தேதிகளை அச்செடுத்துக் கொடுத்து, மெஷினுக்கே கூட்டிப்போய்க் கண்ணாடியைக் காட்டினேன். ஓரத்தில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. அவர் முகம் சுருங்கிப்போனது. பாவமாக இருந்தது, ஆனாலும் நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. "பூஜை வேணாம்னு சொல்லல சார். அந்த இடம்தான் வேணாம்."

அவர் தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

17-2, திங்கள்

பில் டைப் பண்ண யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

21-2, வெள்ளி

நான்காம் மெஷின் நாள் முழுக்க நிற்கவில்லை. பொட்டு இந்த முறை அதன் காலில்.

காலையில் நஞ்சுண்டசாமி பூஜைத் தட்டோடு என் கம்ப்யூட்டர் அறைக்கும் வந்தார். இதுவரை வந்ததே இல்லை. சந்தனம் தொட்ட விரல் மானிட்டர்வரை போய் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லி இடலம்மா?" — எங்கே வைக்கட்டும் என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார். கதவு நிலையைக் காட்டினேன். அங்கே வைத்தார்.